வேற்றாள் என்று ஒரு கையெழுத்து

வங்கி ஏழு மாதம் தூங்கியது. விழித்ததும், ஒன்பது நாளில் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றது.

அந்த ஒன்பதாவது நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்கு வீட்டை வாங்கும் கையெழுத்து. அது தவறினால் செவ்வாய்க்கிழமை காலை கோர்ட் படிக்கட்டில் வீடு ஏலம் போய்விடும். ரொக்கத்தோடு வந்து நிற்கும் எவனோ ஒருவன், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விடுவான். எலோதியாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பதினொரு வருஷமாக அவளும் கணவன் நிக்கானோரும் மகள் சொராய்தாவும் குடியிருப்பது இன்னொருவர் வீட்டுக் கார் கொட்டகையில். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். வெயில் அடித்தால் தகரம் படபடக்கும். எலோதியா தக்காளி ஆலையில் இரவு வேலை. நிக்கானோர் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறான். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சொராய்தாதான் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள். வங்கியோடு மல்லுக்கட்டியதெல்லாம் அவள்தான்.

வால்நட் சந்தின் கடைசி வீடு அபுந்தியோவுடையது. கட்டட வேலை கொழித்த காலத்தில், சுவருக்குப் பலகை அடிக்கிற மனிதன் தனக்கென்று ஒரு வீட்டைக் கடனில் வாங்கினான். பிறகு வேலை நின்றது, தவணையும் நின்றது. இன்று அந்த வீடு கடனில் பாதிக்குக்கூடப் போகாது. வந்த விலையை வாங்கிக்கொண்டு மீதியைக் கைகழுவ வங்கி ஒத்துக்கொண்டால், அதை ஷார்ட் சேல் என்பார்கள். எலோதியா குடும்பம் அந்த வீட்டை அப்படித்தான் வாங்க இருந்தது; வங்கி ஏழு மாதம் தூங்கியது அந்தச் சம்மதத்தின் மேல்தான். விற்கிறவனுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. வீடு ஏலத்துக்குப் போனது என்ற கெட்ட பெயர் மட்டும் வராது, அவ்வளவுதான்.

இந்த ஏழு மாதத்துக்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. வீடு பார்க்கப் போகவும் வரவும் இருந்ததில் எலோதியாவுக்கும் அபுந்தியோவின் மனைவி ஒஃபெலியாவுக்கும் பழக்கம் ஆகிவிட்டது. ஏப்ரலில் ஒஃபெலியாவுக்கு ஆண் குழந்தை. ஆகஸ்டில் ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க முடியுமா என்று எலோதியாவைக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லும் பெண் எங்கள் ஜனத்தில் இன்னும் பிறக்கவில்லை. எலோதியா குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். நிக்கானோர் மெழுகுவர்த்தி பிடித்தான்.

அன்றிலிருந்து வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஞானஸ்நானத்தால் ஆன சம்பந்திகள்: ஆண் என்றால் கொம்பாத்ரே, பெண் என்றால் கொமாத்ரே. கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால் அடுத்த பண்டிகைக்குள் ஒட்டிக்கொள்ளும். இந்த உறவு முறிந்தால் ஒட்டாது. உறவு அமைந்த அன்றே "நீ" போய் "நீங்க" வந்துவிடும். கேட்டதை இல்லை என்று சொல்ல வாய் வராது.

வாங்குகிறவளே விற்கிறவன் பிள்ளைக்கு ஞானத்தாய் என்றால் வங்கி என்ன சொல்லும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

*

ஆலையில் வேலை முடிந்ததும் எலோதியா நேரே வால்நட் சந்துக்கு வண்டியை விட்டாள். கையெழுத்துக்கு முன்னால் வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள, தரகர் கிரோஸ் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கே போய்விட்டாள். உடம்பெல்லாம் தக்காளி வேகிற வாடை.

சந்தில் பதினாலு வீடு. ஐந்தில் ஆள் இல்லை. புல் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. ஒரு வீட்டு வாசற்கதவில் ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

அபுந்தியோ கொல்லைப்புறத்தில் இருந்தான். மண்வெட்டியும் கையுமாக.

நாளை மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய மனிதன், குழி வெட்டி எலுமிச்சைக் கன்று நட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன கொம்பாத்ரே, இந்த நேரத்துல கன்னு நடுறீங்க?"

"வாங்க கொமாத்ரே. நல்ல ஜாதி இது. மூணு வருஷத்துல காய்ச்சிரும்."

"எங்களுக்காகவா இவ்வளவு சிரமம்?"

அபுந்தியோ மண்ணை மிதித்து இறுக்கினான். நல்ல உயரம், அகலமான கை. பேச்சு எப்போதும் தணிந்துதான் இருக்கும். "வீட்டுக்கு ஒரு எலுமிச்ச மரம் வேணும்னு ஒஃபெலியா ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தா. உள்ள போங்க, காப்பி வச்சிருக்கா."

எலோதியா கன்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஒரு அட்டைப்பெட்டி இல்லை. கட்டி வைத்த மூட்டை இல்லை. சுவரில் மாதா படம் மாட்டியபடியே இருந்தது. ஜன்னல் திரைகளைத் துவைத்து, ஈரம் காயாமல் திரும்ப மாட்டியிருந்தார்கள். அடுப்பில் மிளகாய் சுட்ட வாசனை. ஒஃபெலியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"கொமாத்ரே! பாருடா இலாரியோ, உன் ஞானம்மா வந்திருக்காங்க! ராத்திரி வேல பாத்துட்டு அப்படியே வர்றீங்களா? உட்காருங்க, முகம் வெளுத்துப் போச்சு."

"உட்காருறேன். ஏன் கொமாத்ரே, இன்னும் மூட்ட கட்டலையா? நாளைக்கு ஆள் வரலன்னா சொல்லுங்க, நிக்கானோர வண்டியோட அனுப்புறேன்."

ஒஃபெலியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "மூட்டையா?"

"ஆமா."

"கொம்பாத்ரே நிக்கானோர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எலோதியாவின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். அறை முழுக்கப் புதுசாக நீலப் பெயிண்ட். தொட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெரிய கட்டில், துணி அலமாரி, டிவி, எல்லாம் அந்த ஒரே அறைக்குள். மூலையில் சின்ன அடுப்பு ஒன்றும் இருந்தது.

"முன்பக்கம் பூரா உங்களுக்கு. நாங்க இந்த ஒரு ரூம்தான். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது கொமாத்ரே. சத்தியமா சொல்றேன், கொம்பாத்ரே அன்னிக்கு வாக்குக் குடுத்தப்ப நான் அழுதுட்டேன்."

எலோதியா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தை கையை நீட்டியது, வாங்கிக்கொண்டாள். என்ன இருந்தாலும் குழந்தை என்ன பாவம் செய்தது?

கிரோஸ் ஒன்பதரைக்கு வந்தார். தடித்த மனிதர், வியர்வையைத் துடைத்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி ஒண்ணும் காணோமே சென்யோரா?"

"நாளைக்குத் தூக்குவாங்களாம்," என்றாள் எலோதியா. அன்றைய முதல் பொய் அது. வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"தூக்கினா நல்லது. ஏன்னா, இன்னிக்கு உங்க முன்னால ஒரு தாள் வைப்பாங்க. வாங்குறவங்களும் விக்கிறவங்களும் வேற்றாள். ரெண்டு பேருக்கும் நடுவுல மறைவா எந்தப் பேச்சும் கிடையாது. வித்தவங்க அந்த வீட்டுல தங்கமாட்டாங்க. மூணுக்கும் சத்தியம் பண்ணிக் கையெழுத்து. அபுந்தியோ நேத்தே போட்டுட்டார்."

"போட்டுட்டாரா?"

"கண்ணிமைக்காம போட்டார். பொய்யா போட்டா விற்பனை ரத்தாகும். ஜெயில்கூட உண்டு. நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் சொல்லல. என் பிழைப்பையும் பாத்துக்கணும்ல?"

கொல்லைப்புறத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அபுந்தியோ கன்றுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தான்.

*

பண்ணைக்கு இருபது நிமிஷம். எலோதியா பதினாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள்.

நிக்கானோர் ரப்பர் பூட்ஸைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தான். மனைவி வந்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே குழாயை மூடிவிட்டான். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா?

"யோவ், வீடு இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள உள்வாடகைக்கு விட்டுட்டியா? வாடகையும் இல்லாம!"

"மெதுவா பேசு எலோ. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். பின்னாடி ரூமுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சிருக்கான். அடுப்பு வேற வச்சிருக்கான். எப்பய்யா வாக்குக் குடுத்த?"

"ஞானஸ்நானத்தன்னிக்கு. கோயில் வாசல்ல."

"எத்தன பீர் உள்ள போயிருந்துச்சு?"

"ரெண்டுதான்." நிக்கானோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஜனவரி வரைக்கும் மட்டும்னுதான் கேட்டான். ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாள் முடிஞ்சதும் போயிடறேன்னான். அவன் பிள்ளைக்கு இப்பதான் மெழுகுவத்தி புடிச்சிருக்கேன். அந்தப் பிள்ளையோட நடுத்தெருவுல நில்லுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

 எலோதியாவும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

"அது மட்டும் இல்ல," என்றான் நிக்கானோர். பார்வை மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போயிற்று. "அவன் இன்னொண்ணும் சொன்னான். விக்கிறவன் எந்த நிமிஷமும் மனசு மாறலாமாம். 'நான் கையெழுத்துப் போடலன்னா உங்களுக்கும் வீடு இல்ல, எனக்கும் இல்ல, கொம்பாத்ரே'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

"அது கெஞ்சல் இல்லய்யா. மெரட்டல்."

"அப்படியும் சொல்லலாம்."

"அப்ப, என்னை ஞானத்தாயா நிக்கச் சொன்னது பாசத்துலயா? இல்ல, இதுக்காகவேதான் கேட்டானா?"

 அந்தக் கேள்வி கேட்டவளையே சுட்டது. குழந்தை பிறப்பதற்கு முன்பே, வீடு பார்க்கப் போன புதிதில், மார்ச் மாதமே ஒஃபெலியா ஞானத்தாய்ப் பேச்சை எடுத்திருந்தாள்.

"சொராய்தாகிட்ட சொல்லிடலாம்," என்றாள் எலோதியா கடைசியில்.

"சொன்னா அவ போடமாட்டா. அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா? அவ கையெழுத்து இல்லன்னா கடன் இல்ல. நம்ம ரெண்டு பேர் சம்பளத்த நம்பி யாரு கடன் குடுப்பா? உன் வேல வருஷத்துல நாலு மாசம்."

அது உண்மைதான். கடன் பத்திரத்தில் முதல் பெயரே சொராய்தாவுடையது.

"ஜனவரிதானே எலோ," என்றான் நிக்கானோர். "மூணு மாசம். கண்ண மூடித் திறந்தா ஓடிடும்."

*

நாலு மணிக்குக் குளிரூட்டிய அறை. நீளமான மேஜை. கையெழுத்து வாங்குகிற அம்மாள் சாந்தமானவள். ஒவ்வொரு தாளாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். சொராய்தா ஆஸ்பத்திரி உடுப்போடு வந்திருந்தாள். ஒவ்வொரு தாளையும் படித்து, பெற்றோருக்கு அவர்கள் பாஷையில் சொல்லி, அப்புறம்தான் பேனாவைத் தொடுவாள். நாற்பது நிமிஷம் அப்படியே போயிற்று.

"அம்மா, உனக்குச் சமையலறை ஜன்னல் கிழக்க பாத்துத்தான வேணும்? கிழக்கதான் இருக்கு, நான் போய்ப் பாத்துட்டேன்," என்று நடுவில் காதோடு சொன்னாள். இருபத்துநாலு வயசுப் பெண், பரீட்சையில் பாஸான குழந்தை போல இருந்தாள். எலோதியா தலையை ஆட்டினாள்.

அந்தத் தாள் வந்தது.

"வேற்றாள் பத்திரம்," என்றாள் சொராய்தா. "வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் ரத்த உறவு, கல்யாண உறவு, வியாபார உறவு எதுவும் இல்லன்னு..." நிறுத்தினாள். அந்த அம்மாளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். திரும்பிச் சிரித்தாள். "ஞானஸ்நானத்தப் பத்திக் கேட்டேன். சட்டத்துக்கு அந்த உறவெல்லாம் தெரியாதாம். தப்பிச்சோம்."

நிக்கானோரும் சிரிக்கப் பார்த்தான்.

"அடுத்தது. ரெண்டு பேருக்கும் நடுவுல எழுத்துலயோ வாய்ப்பேச்சாவோ மறைவான ஒப்பந்தம் எதுவும் இல்ல. வித்தவங்க அந்த வீட்டுல ஒரு நாள்கூடத் தங்கறதுக்கு ஏற்பாடு இல்ல." தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்படி எதுவும் இல்லையே?"

நிக்கானோர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் பண்ணை அழுக்கு.

"அம்மா?"

எனக்கு எலோதியாவைப் பிடிக்கும். இந்தக் கதை நெடுக அவள் கூடவே நடந்து வந்ததில் அவள் பக்கம்தான் நான். தக்காளித் தண்ணீரில் வெந்துபோன அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் அவளை வெறுக்க முடியாது. ஆனால் அன்று அவள் செய்ததை நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இல்ல," என்றாள் எலோதியா.

"நல்லது." சொராய்தா முதலில் கையெழுத்துப் போட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அழகான கையெழுத்து அவளுக்கு. பிறகு நிக்கானோர். எலோதியா பேனாவை வாங்கியபோது அது மகளின் கைச்சூட்டோடு இருந்தது. அவளும் போட்டாள்.

அந்த அம்மாள் முத்திரை குத்திவிட்டு எழுந்து மூன்று பேருக்கும் கை கொடுத்தாள். திங்கட்கிழமை பதிவு, அதோடு வீடு அவர்களுடையது. சொராய்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவைக் கட்டிக்கொண்டாள். நிக்கானோர் அந்தப் பிடிக்குள் மரம் மாதிரி நின்றான். சாயங்காலப் பால் கறக்க நேரமாயிற்று என்று சொல்லி, அங்கிருந்து ஓடாத குறையாகப் போனான்.

*

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் கொளுத்தியது. அபுந்தியோ தன் வண்டிமேல் சாய்ந்து நின்றான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சொராய்தா பத்திரக் கட்டை எடுத்துவர உள்ளே திரும்பியிருந்தாள். எலோதியா மட்டும் வந்தாள்.

"முடிஞ்சுதா கொமாத்ரே?"

"முடிஞ்சுது."

"மூணு பேருமே போட்டாச்சா? பொண்ணும்?"

"போட்டாச்சு."

அபுந்தியோ மூச்சை நீளமாக விட்டான். குழந்தையை அவள் கையில் கொடுத்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, அதிலிருந்த இரண்டு சாவியில் ஒன்றைக் கழற்றினான். அதை அவளிடம் நீட்டிவிட்டு மற்றதைத் திரும்ப பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான்.

"இது உங்களுக்கு. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எப்ப வேணா வாங்க, உங்க வீடு."

எலோதியா சாவியை வாங்கினாள்.  அவள் ஆலையில் பத்துப் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவள். பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"நிக்கானோர் எல்லாம் சொன்னாரு. நான் மறுக்கல கொம்பாத்ரே. இந்தப் பிள்ள முகத்துக்காக மறுக்கல. ஆனா ஒரு கணக்கு வேணும்ல? ஜனவரி ஆறு. அதுக்கு மேல ஒரு நாள் இல்ல. சரிதானே?"

"எது ஜனவரி ஆறு?"

"நீங்க தங்குறது. கோயில் வாசல்ல பேசினது."

அபுந்தியோ அவளை நேராகப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. குரல் வழக்கம்போலத் தணிந்தே இருந்தது.

"எந்தப் பேச்ச சொல்றீங்க கொமாத்ரே? எனக்கு ஞாபகம் இல்லையே. நமக்குள்ள அப்படி எந்தப் பேச்சும் இல்லன்னு நான் நேத்தே சத்தியம் பண்ணிட்டேன். நீங்களும் இப்பதான் உள்ள சத்தியம் பண்ணிட்டு வர்றீங்க. இல்லாத பேச்சுக்கு ஏது ஜனவரி?"

குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"போலீசுல போய்ச் சொல்லுவீங்களா?" என்றான் அவன், ஒரு ஆலோசனை கேட்பதுபோல. "பேங்குல சொல்லுவீங்களா? முதல்ல யார் பேரு வருமோ, அதையும் யோசிங்க. எங்களுக்கு என்ன, ஏற்கனவே போனது போனதுதான். உங்க பொண்ணு சின்ன வயசு."

எலோதியாவுக்குக் காது அடைத்தது. தன் பின்னால் கதவு திறந்ததும், செருப்புச் சத்தம் நெருங்கி வந்து பாதியில் நின்றதும் அவளுக்குத் தெரியவில்லை. அபுந்தியோவின் பார்வை அவளைத் தாண்டிப் போனதைப் பார்த்துத்தான் திரும்பினாள்.

பத்திரக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொராய்தா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மா," என்றாள், "என்னை எதுல கையெழுத்துப் போட வச்ச?"